ஒரு பாகை பிசகினால்...

1947-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10-ஆந் திகதி, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் புறப்பட்டது. அது டக்கோட்டா வகையைச் சேர்ந்தது. அவ்வகை விமானத்தின் படத்தை உற்று நோக்குவோர் ஒரு புதுமையைக் காண்பர். தரையில் நிற்கும்போது அது மூக்கை வானுக்கு உயர்த்தி, வாலைத் தரையிற் படியவிட்டுக் குந்தியிருக்கும். பிரயாணிகள் மேட்டில் ஏறுவது போல நடந்து சென்றே முன்னாசனங்களை அடைதல் வேண்டும். 1951-ஆம் ஆண்டு உதயமான எமது நாட்டு விமானப்படை தொடக்கத்திற் பயிற்சிக்குக் கையாண்ட சிப்மங்க் விமானமும் இவ்வாறு வால் தாழ்ந்து நிற்பதுவே.

இவ்விரண்டிலும் பெரிய சில்லுகள் இரண்டு முன்னே உள. சிறிய சில்லு ஒன்று வாலின் கீழே உளது. பிற்காலத்து விமானங்களிற் பெரும்பாலானவை மூக்கின் கீழ் ஒரு சில்லும் நடுவில் இரு பெருஞ் சில்லுகளும் உடையன. எனினும் வாற்சில்லு விமானம் உலகைவிட்டு மறைந்து போகவில்லை. புற்றரையிலும் ஆற்று மணலிலும் கரடுமுரடான சிறு வெளிகளிலும் இறங்கவேண்டியோர் இன்றும் அதனையே விரும்புகின்றனர். காற்றாடி தரையிலிருந்து உயர்ந்து நிற்பதாற் கல்லும் மண்ணும் அதனை எளிதிற் தாக்குவதில்லை. வாற்சில்லு சிறிதாகையாற் பாரமும் குறைவு.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வானத்திற் சாதுவாகப் பறக்கும் இவ்விமானம், தரையைத் தொட்டதும் குணம் மாறிவிடுகிறது. அங்கே அதன் நடத்தையைத் தீர்மானிப்பவற்றுள் ஒன்று, கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு கோணம். அக் கோணத்தை எவ்வாறு அளப்பது, எவ்வாறு திருத்துவது என்பதையே இங்கு ஆராய்வோம். கேத்திரகணிதம் எதற்காகப் படிக்கவேண்டும் என்று நம்மிடம் வினவும் மாணவர்களுக்கு இது ஒரு விடையாகவும் அமையும்.

ஏன் திரும்புகிறது?

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சிறுவர் விளையாடும் மோட்டார் வண்டி ஒன்றை எடுத்து, அதன் பின்சில்லுகள் உருளாதவாறு ஒட்டுத்தாளால் ஒட்டிவிடுக. வழுவழுப்பான பலகை ஒன்றை நன்றாகச் சரித்து வைத்து, வண்டியை நேரே கீழ்நோக்கி விடுக. அது சிறிது தூரம் சென்றதும் சுழன்று பின்பக்கம் முன்னாக வந்து சேரும். இப்பொழுது ஒட்டுத்தாளைப் பின்சில்லுகளிலிருந்து எடுத்து, முன்சில்லுகளில் ஒட்டுக. வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு இறங்கும்.

காரணம் யாது? உருளும் சில்லு பக்கவாட்டில் நழுவாது, தரையைப் பற்றிக்கொள்ளும். சறுக்கும் சில்லுக்கு அப் பிடிமானம் இல்லை. பற்றும் சில்லுகள் பாரமையத்திற்கு முன்னே இருப்பின், பின்னே உள்ள பாரம் தான் வந்த வேகத்தில் முந்திச் செல்ல முயல்கிறது. சிறு விலகல் பெரு விலகலாகிறது. பற்றும் சில்லுகள் பின்னே இருப்பின், விலகல் தானாகவே திருந்துகிறது.

வாற்சில்லு விமானத்தின் பாரமையம் அதன் பெருஞ் சில்லுகளுக்குப் பின்னே அமைந்துள்ளது. அவ்வாறு அமையாவிடின் அது மூக்குக் குப்புற விழுந்துவிடும். ஆகவே அது ஓடுபாதையில் ஓடும்போதெல்லாம் நாம் கண்ட முதலாவது விளையாட்டு வண்டியைப் போலவே இருக்கிறது. விமானி சுக்கானை மிதித்து அதனை நேர்வழியில் வைத்திருக்கிறார். ஒரு கணம் தாமதித்தால் விமானம் திரும்பத் தொடங்கும். மேலும் தாமதித்தாற் சுழன்றுவிடும். இதனை ஆங்கில விமானிகள் 'கிறவுண்ட் லூப்' என்பர். நாம் தரைச்சுழல் என்போம். தரைச்சுழலில் அகப்பட்ட விமானத்தின் ஒரு பக்கத்துச் சிறகு தரையில் மோதலாம். சில்லைத் தாங்கும் கால் மடிந்து போகலாம். காற்றாடி மண்ணில் அடித்து எஞ்சினும் பழுதாகலாம்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. சுக்கானுக்கு வலிமை தருவது அதன்மீது வீசும் காற்று. வேகம் குறையக் குறைய அக் காற்றும் குறைகிறது. எனவே, இறங்கிய விமானம் வேகந் தணிந்து வரும் வேளையில், விமானியின் கைவசமுள்ள கருவி நலிந்துவிடுகிறது. அவ்வேளையிற் சில்லுகள் நேர்மையாக நடந்துகொள்ளாவிடின் அவர் நிலை பரிதாபத்திற்குரியதே.

உள்நோக்கும் வெளிநோக்கும்

மனிதர் நடப்பதைப் பாருங்கள். சிலருடைய பாதவிரல்கள் உட்புறம் நோக்கியிருக்கும்; சிலருடையவை வெளிப்புறம் நோக்கியிருக்கும். சில்லுகளும் இவ்வாறே. இரு சில்லுகளின் முற்பக்கங்களும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் அதனை இயந்திர வல்லோர் 'டோ-இன்' என்பர். விலகி நின்றால் 'டோ-அவுட்' என்பர். பாதவிரலைக் கொண்டே இப்பெயர்கள் பிறந்தன. இவற்றை நாம் உள்நோக்கு, வெளிநோக்கு என வழங்குவோம். சில்லின் மேற்பக்கம் வெளியேயோ உள்ளேயோ சாய்ந்து நிற்பது வேறொரு கோணம். அதனைக் 'கேம்பர்' என்பர். நாம் சாய்வு என்போம்.

ஒரு பாகை என்பது மிகச் சிறிது என எண்ணத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பாகை விலகி நிற்கும் சில்லு, 100 மீற்றர் ஓடும்போது, தன்னிச்சைப்படி செல்ல விட்டால் ஏறத்தாழ 1.75 மீற்றர் பக்கவாட்டிற் சென்றுவிடும். மற்றச் சில்லு அதனைத் தடுப்பதனால் அது செல்வதில்லை. அதற்குப் பதிலாக றப்பர் தேய்கிறது. இரண்டும் சமபலத்துடன் இழுக்கும்வரை விமானம் நேரே செல்லும். சமநிலை குலைந்தால் என்ன நிகழும்?

விமானத்தின் மூக்கு வலப்புறம் சிறிது திரும்புகிறதென வைத்துக்கொள்வோம். பாரம் முன்சென்ற திசையிலேயே செல்ல முனைவதால், இடப்பக்கத்துச் சில்லின்மீது அது அழுந்துகிறது. வலப்பக்கத்துச் சில்லின் சுமை குறைகிறது. இடச்சில்லு உள்நோக்கி நிற்குமாயின், அது நோக்கும் திசையும் வலமே. ஆகவே சுமை ஏறிய அச் சில்லு மூக்கை மேலும் வலப்புறம் தள்ளுகிறது. எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். அதே சில்லு வெளிநோக்கி நிற்குமாயின், அது இடப்புறத்தை நோக்குகிறது. திரும்பும் முயற்சியைத் தணிக்கிறது.

மோட்டார் வண்டிகளின் முன்சில்லுகளிற் சிறிது உள்நோக்கு வைப்பது பெருவழக்கு. அப் பழக்கத்தை அப்படியே வாற்சில்லு விமானத்திற்குக் கொண்டுவருதல் ஆபத்து. இரு சில்லுகளும் முற்றிலும் சமாந்தரமாக நிற்பதே சிறந்தது. தவறுவதாயின் வெளிநோக்கின் பக்கம் மிகச் சிறிது தவறுவதே நன்று என அனுபவசாலிகள் பலர் கூறுவர். ஆயினும், ஒவ்வொரு விமானத்திற்கும் அதனைச் செய்தோர் வெளியிட்ட கைந்நூலிற் கண்ட அளவே முடிந்த அளவு. அதனை மீற ஒருவருக்கும் உரிமையில்லை.

வில் போன்ற கால்

எடுத்துக்காட்டாகச் செஸ்னா விமானங்களை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து ஒஷ்கொஷ் நகரில் வாழ்ந்தவர் ஸ்ரீவ் விற்மன். 1904-ல் பிறந்து 1995-ல் மறைந்தவர். பந்தய விமானங்களை அமைத்துத் தாமே ஓட்டியவர். சில்லைத் தாங்குவதற்குப் பல குழாய்களும் றப்பர்க் கயிறுகளும் எதற்கு, ஒரு தனி உருக்குப் பட்டையை வில் போல வளைத்துப் பொருத்தினாற் போதாதா என அவர் சிந்தித்தார். அவ்வமைப்பைச் செஸ்னா நிறுவனம் உரிமை பெற்று, 1946-ல் வெளிவந்த 120, 140 என்னும் சிறு விமானங்களிற் பயன்படுத்திற்று. பின்னர் 1948-ல் 170-உம், 1953-ல் 180-உம் அதே காலுடன் வந்தன.

அவற்றுள் 1953-ஆம் ஆண்டுச் செஸ்னா 180 ஒன்று சரித்திரத்தில் இடம்பெற்றது. 1964-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆந் திகதி, ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிலிருந்து ஜெரி மொக் என்னும் இல்லத்தரசி அதிலே தன்னந்தனியாகப் புறப்பட்டார். கராச்சி, டில்லி, கல்கத்தா முதலிய பல நகரங்களில் இறங்கி ஏறி, ஏப்பிரில் 17-ஆந் திகதி புறப்பட்ட இடத்தையே வந்தடைந்தார். உலகைத் தனித்துப் பறந்து வலம்வந்த முதற் பெண்மணி அவரே. கடலைக் கடந்ததைப் பலரும் வியப்பர். நாமோ வேறொன்றையும் நினைவிற் கொள்கிறோம். முன்பின் அறியாத ஓடுபாதைகளில், களைத்த உடலுடன், ஒவ்வொரு முறையும் அவ் வாற்சில்லு விமானத்தை அவர் நேராக இறக்கி நிறுத்தவேண்டியிருந்தது.

வில் போன்ற இக் காலுக்கு ஓர் இயல்பு உண்டு. சுமை ஏற ஏறக் கால்கள் அகலும்; சுமை இறங்க ஒடுங்கும். வெறுமையாக நிற்கும் விமானத்தின் சில்லுகள் மேற்பக்கம் வெளியே சாய்ந்து நிற்கும். எரிபொருளும் ஆட்களும் ஏறியதும் அச் சாய்வு குறைந்து சில்லுகள் நிமிரும். ஆகவே வெறும் விமானத்தை அளப்பது, பசித்தவன் வயிற்றை அளந்து சட்டை தைப்பதற்கு ஒப்பாகும்.

அளக்கும் முறை

அளப்பதற்கு முன்னர்ப் பார்க்கவேண்டியவை சில உள. இரு ரயர்களிலும் குறிப்பிட்ட அளவு காற்றுச் சமமாக இருத்தல் வேண்டும். சில்லைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது. காலை உடலுடன் இணைக்கும் ஆணிகள் இறுகியிருத்தல் வேண்டும். காலில் வெடிப்போ வளைவோ உண்டா எனக் காண்டல் வேண்டும். ஒரு பக்கத்துப் பிறேக் விடுபடாமற் பற்றிக்கொண்டிருப்பினும் விமானம் அப் பக்கம் இழுக்கும். அதற்குச் சில்லின் கோணத்தைப் பழிப்பது நியாயமன்று. நோய் இன்னதென அறியாது மருந்து கொடுத்தலாகாது என்பதை நம் முன்னோரே கூறிப்போந்தனர்.

இவை முடிந்தபின், வழக்கமாகப் பறக்கும் சுமையை விமானத்தில் ஏற்றுவர். ஆசனங்களில் மணல்மூடைகளை வைப்பதுமுண்டு. மட்டமான சீமெந்துத் தரையில் விமானத்தை நிறுத்தி, ஒவ்வொரு பெருஞ் சில்லின் கீழும் இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பர். தகடுகளுக்கு இடையே கிறீஸ் தாராளமாகப் பூசப்பட்டிருக்கும். இஃது ஏன்? றப்பர் சீமெந்தைப் பற்றிக்கொண்டிருக்கும்போது, கால்கள் விரிய விரும்பினாலும் விரிய முடியாது. முன்னே தள்ளி வந்து நிறுத்தினால் ஓர் அளவும், பின்னே தள்ளி நிறுத்தினால் வேறோர் அளவும் வரும். கிறீஸ் பூசிய தகட்டின்மீது நிற்கும் சில்லோ வழுக்கித் தன் இயல்பான இடத்தை அடைந்துவிடும். சிறகை மெல்ல ஆட்டிவிட்டால் இன்னும் நன்று. இவ்வெளிய உபாயத்தைச் செய்யாதவர்கள் எடுக்கும் அளவு முழுவதும் வீண்.

அடுத்ததாக, நேரான நீண்ட உலோகச் சட்டம் ஒன்றை இரு ரயர்களின் முற்பக்கத்திலும் தொடுமாறு, அச்சின் உயரத்திற் குறுக்கே வைப்பர். தச்சரின் மூலைமட்டத்தின் ஒரு புயத்தை அச் சட்டத்தோடு பொருத்தி, மறு புயத்தைச் சில்லின் வெளிப்புறமாகப் பின்னோக்கி நீட்டி, சில்லின் உலோக விளிம்பைத் தொடச் செய்வர். விளிம்பின் முன்முனையும் பின்முனையும் ஒருங்கே தொட்டாற் சில்லு நேராக உளது. பின்முனை தொட்டு முன்முனையில் இடைவெளி தோன்றினால் அஃது உள்நோக்கு. முன்முனை தொட்டுப் பின்முனை விலகினால் வெளிநோக்கு. விளிம்பின் விட்டம் 6 அங்குலமாயின், 1/10 அங்குல இடைவெளி ஏறக்குறைய 1 பாகைக்குச் சமம். சாய்வை அறிய, பாகைமானி பொருத்திய மட்டத்தைச் சில்லின்மீது நிலைக்குத்தாகப் பிடித்துப் பார்ப்பர்.

கேத்திரகணிதம் கைகொடுக்கும் இடம் இனித்தான் வருகிறது. இரு சில்லுகளும் தமக்குள் சமாந்தரமாக நின்று, இரண்டும் ஒருங்கே இடப்புறம் திரும்பியிருக்கக் கூடுமன்றோ? குறுக்குச் சட்டம் அதனைக் காட்டிக்கொடாது. ஏனெனில் சட்டமே கோணியிருக்கலாம். ஆகையால் விமானத்தின் மூக்கின் நடுவிலிருந்தும் வாலின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் இரு புள்ளிகளைக் குறித்து, சுண்ணக்கட்டி பூசிய நூலால் நடுக்கோடு ஒன்றை இடுவர். வாற்புள்ளியிலிருந்து இரு அச்சுகளின் ஒத்த இடங்களுக்கும் உள்ள தூரத்தை அளப்பர். அவை சமமாயின் அங்கே ஓர் இருசமபக்க முக்கோணம் அமைகிறது. அதன் அடி நடுக்கோட்டிற்குச் செங்குத்தாகும். பாடசாலையில் மனனஞ் செய்த தேற்றம், இங்கே ஒருவருடைய உயிருக்குக் காவலாக நிற்கிறது.

வால் உயர்ந்தால் என்ன?

இன்னுமொரு நுட்பம் உண்டு. மேலே கூறிய சாய்வும் நோக்கும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. விமானம் வாலை உயர்த்தி மட்டமாக நிற்கையில், சில்லு மேற்பக்கம் வெளியே 4 பாகை சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். அப்பொழுது அச்சின் வெளிமுனை சிறிது கீழ்நோக்கி இருக்கும். வாலைத் தாழ்த்தி மூக்கை 12 பாகை உயர்த்தினால், கீழ்நோக்கியிருந்த அம் முனை ஓரளவு முன்னோக்கித் திரும்பும். அச்சின் வெளிமுனை முன்னே வந்தாற் சில்லின் முற்பக்கம் உள்ளே திரும்பும். 4 பாகையை 12 பாகையின் சைனாற் பெருக்கினால் ஏறத்தாழ 0.8 பாகை உள்நோக்கு வருகிறது. எவரும் எதனையும் தொடவில்லை. வால் தாழ்ந்தது ஒன்றே நடந்தது.

புறப்படும்போது வால் உயர்கிறது. இறங்கி நிற்கும்போது தாழ்கிறது. ஆகவே ஒரே ஓட்டத்திற்குள் சில்லின் நோக்கு மாறிக்கொண்டேயிருக்கிறது. எந்த நிலையில் அளக்கவேண்டும், எவ்வளவு சுமையுடன் அளக்கவேண்டும் என்பவற்றைக் கைந்நூலைப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும் எனக் கூறுவதன் காரணம் இதுவே.

திருத்தும் முறை

செஸ்னாவின் உருக்குக் காலின் கீழ்முனையில் அச்சு நான்கு ஆணிகளாற் பொருத்தப்பட்டிருக்கிறது. காலுக்கும் அச்சின் அடித்தட்டுக்கும் இடையே மெல்லிய ஆப்பு வடிவத் தகடு ஒன்றைச் செருகுவர். இதற்குச் 'சிம்' என்று பெயர். அதன் ஒரு விளிம்பு தடித்தது. மறு விளிம்பு மெலிந்தது. தடித்த விளிம்பு முன்புறம் நின்றாற் சில்லின் முற்பக்கம் வெளியே செல்லும். பின்புறம் நின்றால் உள்ளே வரும். மேற்புறம் நின்றால் மேற்பக்கம் வெளியே சாயும். நிலை தளம்பும் மேசையின் காலுக்கு மட்டைத்துண்டு வைக்கும் அதே யுக்திதான். ஆனால் எத்தகைய தகடு, எத்தனை தகடு என்பதற்கு வரம்பு உண்டு. வரம்புக்கு மேலும் தகடு தேவைப்படுமாயின் கால் வளைந்துவிட்டதென அறிதல் வேண்டும். அதனை மறைக்க மேலும் மேலும் தகடு அடுக்குதல் தகாது.

எல்லா விமானத்திற்கும் இம்முறை பொருந்தாது. 1938-ல் வெளிவரத் தொடங்கிய புகழ்பெற்ற பைப்பர் கப் ஜே-3 விமானத்திலே, குழாய்களாலான காலுடன் அச்சு உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். அங்கே செருகுதற்கு இடமில்லை. கால் கோணிவிட்டால் அதனைச் செப்பனிடுதல் அல்லது மாற்றுதல் வேண்டும்.

திருத்தியபின் ஆணிகளைக் குறித்த அளவுக்கு முறுக்கி, பிறேக்கின் குழாயைச் சரிபார்த்து, மீண்டும் தகடுகளின்மேல் நிறுத்தி மறுபடியும் அளத்தல் வேண்டும். ஒரு முறை அளந்து திருத்திவிட்டுப் போகிறவர் பாதி வேலைதான் செய்தவர். வாற்சில்லையும் மறத்தலாகாது. அதனைத் தாங்கும் பட்டைவில் நாட்பட்டுத் தளர்ந்தால், சில்லு திரும்பும் முளையின் தலை முன்னோக்கிச் சாய்ந்துவிடும். அப்பொழுது சில்லு படபடவென நடுங்கும். இறுதியில், உரிமம் பெற்ற பொறிவல்லுநர் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுவார். அக் கையொப்பம் இல்லாத திருத்தம், திருத்தமாக மதிக்கப்படமாட்டாது.

புல் மன்னிக்கும், சீமெந்து மன்னிக்காது

புற்றரையில் மட்டும் இறங்கிப் பழகிய விமானம் ஒன்று, சீமெந்து ஓடுபாதைக்கு முதன்முறை வரும்போது திடீரெனத் துள்ளி விலகுவதுண்டு. ஈரப் புல்லிலே சில்லு சிறிது நழுவும். பிழையான கோணமும் அங்கே மறைந்துபோம். சீமெந்திலே றப்பர் இறுகப் பற்றும். மறைந்திருந்த பிழை வெளிப்படும். பிழை புதிதாகப் பிறந்ததன்று, நெடுங்காலமாக உடனிருந்ததே. ரயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்ததை முன்னரே கண்டிருந்தால் அதனை அறிந்திருக்கலாம். உள்நோக்கிய சில்லு வெளிவிளிம்பிலும், வெளிநோக்கிய சில்லு உள்விளிம்பிலும் தேய்வது இயல்பு. சாய்வும் தேய்வுக்குக் காரணமாகலாம் ஆதலின், தேய்வைக் கண்டதும் முடிவு கட்டாது அளந்தே முடிவு கட்டுதல் வேண்டும்.

தரைச்சுழல் நிகழ்ந்தாற் பெரும்பாலும் விமானியின் காலையே குறை கூறுவர். பல சமயங்களில் அது நியாயமே. நேராக நிற்கும் சில்லும், உறங்கும் விமானியைக் காப்பாற்றாது. ஆயின் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் இழுக்கும் விமானத்துடன் மல்லுக்கட்டி, தம்மைத் தாமே நொந்துகொள்ளும் இளம் விமானியை எண்ணிப் பாருங்கள். அவருடைய குறை திறமைக்குறைவு அன்று. எவரோ அளக்காது விட்ட ஒரு பாகை. ஆசிரியர்களாகிய நமக்கு இதிலே ஒரு படிப்பினை இருக்கிறது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தவறும் மாணவனைக் கடிந்துகொள்ளுமுன், அவன் காலின் கீழ் உள்ள சில்லு நேராக இருக்கிறதா என நாமும் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

இவ் வேலைக்கு வேண்டிய கருவிகள் எவை? ஒரு நேரான சட்டம், ஒரு மூலைமட்டம், ஒரு தூக்குக்குண்டு, சிறிது கிறீஸ், நான்கு தகடுகள். நமது ஊர்த் தச்சுப் பட்டறை எதிலும் இவற்றுட் பெரும்பாலானவை கிடைக்கும். விலையுயர்ந்தது ஒன்றே ஒன்று உண்டு. அது கடையில் வாங்கமுடியாதது. 'இவ்வளவு போதும்' என்று மனம் கூறும்போது, இன்னுமொரு முறை குனிந்து அளக்கின்ற பொறுமையே அது.